கூண்டின் வீட்டுப் பக்கம்

ஜூன் 4

நாத்தனாருக்கு,

நான் உங்க அண்ணன் பொண்டாட்டி. நாம ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லை. என் கல்யாணப் போட்டோவில நீங்க இல்லை, இந்த வீட்டுச் சுவர்லயும் எங்கயும் இல்லை. தப்பித் தவறி உங்க பேச்சு வந்துட்டா மாமா, உங்க அப்பாதான், எழுந்து கோழிக்குத் தண்ணி வைக்கப் போயிடுவார்.

நீங்க டவுன் பேக்கரியில வேலை பார்க்கிறீங்கன்னு முட்டைக்காரம்மா சொன்னாங்க, மாமா காதுலயும் விழுந்துச்சு. எங்க வீட்டு முட்டையில பாதி உங்க கையாலதான் உடையுதாமே! எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, வயித்தெரிச்சலும் வந்துச்சு. முட்டைக்குக் கிடைக்கிற பஸ் எனக்குக் கிடைக்கலையேன்னு. இந்தக் காகிதத்தை முட்டை அட்டைக்கு அடியில வச்சு அனுப்புறேன். மாமா முட்டையைத்தான் எண்ணுவார், அட்டையைத் தூக்கிப் பார்க்க மாட்டார்.

விஷயத்துக்கு வரேன். கோழி சாகுது. ராத்திரி பூட்டினது பூட்டினபடி இருக்கு. காலையில திறந்தா ஒண்ணு ரெண்டு கழுத்துல கடிபட்டுக் கிடக்குது. தின்னது கொஞ்சம்தான், கொன்னது அதிகம். சண்டைக்காரி போயிட்டா, மொட்டைவாலி போயிட்டா, நேத்து அடைக்கு உக்காந்திருந்த கறுப்பியும் போயிட்டா. பேரெல்லாம் நான் வச்சது. மாமா நம்பர்தான் சொல்லுவார். ஜெயில் வார்டரா இருந்து ரிட்டயர் ஆன மனுஷன், உங்களுக்குத் தெரியாததா?

கூண்டைச் சுத்திக் கண்ணாடித் துண்டு பதிச்சார். முள்ளு போட்டார். கேட்டுல ராத்திரி முழுக்க பல்பு எரியுது. கேட் பூட்டுற நேரம் ஏழுல இருந்து ஆறுக்கு வந்தாச்சு. முதல்ல கூண்டு, அப்புறம் கேட், அப்புறம் பின்கதவு, முன்கதவு. சாவிக்கொத்து அவர் இடுப்புல. இனி வெளிச்சம் வந்தாத்தான். கோழி எண்ணி முடிச்சதும் என்னையும் ஒரு பார்வை பார்த்துக்குவார், நானும் கணக்குல உண்டு. முன்னெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி உங்க அண்ணனைப் போன்ல சிரிக்க வைப்பேன். இப்ப அவர் கப்பல்ல இருந்து கூப்பிடும்போது மாமா பக்கத்துலயே உக்காந்திருக்கார். போனும் அவரோடது. "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ"ன்னு உங்க அண்ணன் சொல்றார், சரின்னு நான் சொல்றேன், போன் திரும்ப மாமா சட்டைப் பைக்குப் போயிடுது.

நான் லேப் டெக்னீஷியன் படிச்சவ. ரத்தம் எடுத்துப் பார்த்து ரிப்போர்ட் எழுதற வேலை. பெரிய ரோட்டுல புதுசா ஒரு கிளினிக் வந்திருக்கு. சாயங்காலம் ஆறுல இருந்து பத்து வரைக்கும் ஆள் வேணும்னாங்க. போய்ப் பார்த்தேன், எடுத்துக்கிட்டாங்க, அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி சேரணும். மாமாகிட்ட சொன்னேன். "ஆறுக்கு மேல கேட் திறந்திருந்தா, வர்றது உன்கிட்ட கேட்டுட்டா வரும்?"ன்னார். சண்டை போட்டேன், அழுதேன், சாப்பிடாம இருந்து பார்த்தேன். கடைசியில ஒரு வார்த்தை சொன்னார். "அது எதுன்னு, எந்த வழியா வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்து. அன்னிக்குக் கேட்டைத் திறக்கிறேன்."

கோழியைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? தட்டுல வந்தா தெரியும். நீங்க அந்தக் கூண்டைச் சுத்தியே வளர்ந்தவங்க. அது என்ன மிருகம்? எங்க அடைக்கணும்? கிளினிக்காரங்க எனக்காகக் காத்துட்டு இருக்க மாட்டாங்க. கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்க.

உங்க அண்ணி


ஜூன் 7

அண்ணி,

காகிதம் பிசுபிசுன்னு இருந்தா கண்டுக்காதீங்க, கையில வெண்ணெய். இங்க விடியறதுக்கு முன்னாடியே அடுப்பு பத்த வைக்கணும். மதியத்துக்கு மேலதான் உக்கார முடியும்.

அந்த வீட்ல இருந்து எனக்கு வந்த முதல் கடிதம் கோழிக்காக. எங்க அம்மா செத்ததுக்கு ஒரு வரி வரலை. எல்லாம் முடிஞ்ச பிறகு முட்டைக்காரம்மா வந்து, அட்டையை இறக்கி வச்சுட்டு, "உங்கம்மா போயிட்டாங்களேம்மா"ன்னாங்க. நான் கேக் மாவு அடிச்சிட்டு இருந்தேன். பாதியில நிறுத்தினா மாவு அமுங்கிடும். அடிச்சு முடிச்சேன். இதை அந்த வீட்டு ஆள் ஒருத்தர்கிட்ட சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு, சொல்லிட்டேன்.

கேட்டதுக்குப் பதில். கழுத்துல கடி, தின்னது கொஞ்சம்னா அது மரநாய். நாயா இருந்தா குதறிப் போட்டிருக்கும். நரி தூக்கிட்டுப் போயிடும். பாம்புக்கு முட்டையும் குஞ்சும் போதும். மரநாய்க்கு உங்க கை நுழையற சந்து இருந்தா தலையை நுழைச்சிடும், தலை போனா உடம்பு போயிடும்.

கோழி வலையை நம்பாதீங்க. அது கோழியை உள்ள வைக்கத்தான் ஆகும். சின்னக் கட்டம் போட்ட கெட்டிக் கம்பி வலையா வாங்கச் சொல்லுங்க. ஒரு முழம் மண்ணுக்குள்ள இறக்கி, வெளிப்பக்கமா மடிச்சுப் புதைக்கணும். கூண்டைச் சுத்தி மணலைச் சலிச்சுப் பரப்பி வைங்க. காலையில கால்தடம் எந்தப் பக்கம்னு காட்டிக் குடுத்துடும்.

அவர் வார்த்தையை நம்புறீங்க. நம்புங்க. நான் ஒண்ணும் சொல்லலை.

பேக்கரியில இருந்து,
நாத்தனார்


ஜூன் 11

நாத்தனாருக்கு,

உங்க கோவம் நியாயம். அத்தை போன அன்னிக்குப் போனைக் கேட்டேன், குடுக்கலை. முட்டைக்காரம்மா அந்த வாரம் வரவே இல்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் போற யாரையாவது கூப்பிட்டுச் சொல்லலாம்னா உங்க முகம் எனக்குத் தெரியாது, நீங்க இருக்கிற இடமும் அப்ப தெரியாது. இதுக்கு மேல என்கிட்ட இல்லை.

எனக்கும் ஒரு கோவம் இருக்கு, கேட்டுக்கோங்க. கேட்டுக்கு ரெண்டாவது பூட்டு எப்ப வந்துச்சு? நீங்க போனதுக்கு அப்புறம். பின்கதவுக்கு இரும்புப் பட்டை எப்ப வந்துச்சு? நீங்க போனதுக்கு அப்புறம். ஓடினவளைப் பிடிக்க முடியலை, வந்தவளைப் பூட்டி வச்சாச்சு. நான் குண்டுச் சட்டிக்குள்ள குதிரை ஓட்டிட்டு இருக்கேன், நீங்க வெளிய நின்னு "நம்புங்க, நம்புங்க"ன்னு நக்கல் பண்றீங்க.

சரி. நீங்க சொன்ன வலை வாங்கினோம். மாமாவும் நானுமா தோண்டினோம். அவருக்குக் கண்ணுல புரை விழுந்திருக்கு, யார்கிட்டயும் சொல்றதில்லை. வெளிச்சத்துல ஒரு மாதிரி சமாளிப்பார். இருட்டினா சுவர் எது கதவு எதுன்னு தடவித்தான் நடக்கிறார். கம்பியை விரலால தடவித் தடவியே முடிச்சார். கையெல்லாம் கிழிஞ்சு போச்சு, மருந்து போட வந்தா வேண்டாம்னுட்டார். மணலும் பரப்பினோம்.

மறுநாள் காலையில ரெண்டு கோழி செத்துக் கிடந்துச்சு. மணல்ல எறும்பு ஊர்ந்த தடம்கூட இல்லை. அதுக்கு அடுத்த ராத்திரியும் ஒண்ணு. மணல் பரப்பினது பரப்பினபடி கிடக்கு. "வீட்டுப் பக்கமும் வலை அடிக்கலாமா மாமா?"ன்னு கேட்டேன். "வீட்டுப் பக்கம் நாமதானே இருக்கோம், அந்தப் பக்கம் எதுக்கு?"ன்னுட்டார். அதுவும் சரிதான். கூண்டு வீட்டுச் சுவரை ஒட்டித்தானே கட்டியிருக்கு. சுவரை உடைச்சிட்டா வரும்?

ஒண்ணாம் தேதியை ஞாபகப்படுத்தினேன். "கேட்டைத் திறந்தா என்ன ஆகும்னு இந்த வீடு ஒரு தடவை பார்த்துடுச்சு"ன்னார். உங்களைச் சொல்றார்னு நினைக்காதீங்க. அத்தையைச் சொல்றார். நீங்க போன ராத்திரி அவருக்குக் காய்ச்சலாம். அன்னிக்கு ஒரு நாள்தான் சாவியை அத்தை கையில குடுத்திருக்கார். காலையில நீங்க இல்லை, பூட்டு பூட்டினபடி இருக்கு. அத்தைதான் திறந்து விட்டுட்டுத் திரும்பப் பூட்டினாங்கன்னு முடிவு கட்டிட்டார். அன்னியில இருந்து அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலை. கல்யாணமாகி நான் வந்த பிறகு "சாப்பாடு ஆச்சான்னு கேளு"ன்னு என்கிட்ட சொல்லுவார், அத்தை அங்கேயே கரண்டியோட நிப்பாங்க. உயிர் போற வரைக்கும் அப்படித்தான்.

இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். தெரியாதுன்னா, இப்படிக் காகிதத்துல சொன்னதுக்கு மன்னிச்சுக்கோங்க.

அண்ணி


ஜூன் 14

அம்மா கேட்டைத் திறக்கலை.

எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமா எனக்கு இது தெரியாது. அவருக்குக் காய்ச்சல்னுதான் அந்த ராத்திரியைப் பார்த்துக் கிளம்பினேன். சாவி அம்மாகிட்ட இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வேற ராத்திரி போயிருப்பேன்.

உங்க முதல் கடிதத்துலயே எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. மணல்ல தடம் இல்லைன்னு எழுதினதும் சந்தேகமும் போயிடுச்சு. சாமான் அறைக்குப் போங்க. பரண்ல ஏறி, பழைய பாய்க் கட்டை நகர்த்துங்க. சுவர்ல ஒரு ஓட்டை இருக்கும். கூண்டு கட்டுறதுக்கு முன்னாடி அது அந்த அறைக்கு ஜன்னல். கூண்டு வந்த பிறகு ஒரு பலகையை வச்சு ஆணி அடிச்சு விட்டுட்டாங்க. அந்தப் பலகை நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே ஆடும். தள்ளினா ஒரு ஆணியில தொங்கும், விட்டா தானா மூடிக்கும். கூண்டுப் பக்கம் சாக்கு தொங்குறதால யார் கண்ணுக்கும் படாது. மரநாய் உங்க வீட்டு ஓட்டுக்கு அடியில குடியிருக்கு அண்ணி. கோழிக்கு வர்றதுக்கு அது வெளிய இறங்குறதே இல்லை.

நான் அந்த வழியாத்தான் போனேன். ஓட்டையில நுழைஞ்சு, கோழி உக்கார்ற கம்பைப் பிடிச்சுக் கூண்டுக்குள்ள இறங்கினேன். சந்துப் பக்கம் எரு அள்ளுற சின்னக் கதவு இருக்கே, அதோட தாழ் உள்பக்கம். அதைத் திறந்து போயிட்டேன். வெளிய இருந்து தாழ் போட முடியாது. காலையில கூண்டுக்குள்ள முதல்ல போறது அம்மா. அவங்கதான் பார்த்துட்டுப் போட்டிருக்கணும். அவங்க பண்ணது அவ்வளவுதான்.

இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. அவர்கிட்ட சொல்லாதீங்க. பூட்டி முடிச்சதும் ரேடியோவைச் சத்தமா வச்சுட்டுப் படுத்துடுவார், அந்தப் பழக்கம் மாறியிருக்காது. கிளினிக்குல அரை மணி லேட்டா வரேன்னு பேசிக்கோங்க. ஓட்டை வழியாப் போங்க, அதே வழியா வாங்க. உங்களுக்கு இருக்கிறது அந்த ஒரு வழிதான், அதைக் கொண்டுபோய் அவர் கையில குடுத்துடாதீங்க. நாலு கோழி செத்தா சாகட்டும்.

நாத்தனார்


ஜூன் 18

ஏ நாத்தனாரே,

இனிமே நீ வா போ தான். பரண்ல தவழ்ந்து போய் உன் ஓட்டைக்குள்ள தலையை விட்டுப் பார்த்துட்டு வந்திருக்கேன், இதுக்கு மேல என்ன மரியாதை வேண்டிக் கிடக்கு?

நீ சொன்னபடியே இருக்கு. பலகை ஓரத்துல மயிர் ஒட்டியிருக்கு, ஒரு மட்டமான நாத்தம். பாய்க் கட்டுக்குப் பின்னாடி இறகு குவிஞ்சு கிடக்கு. மொட்டைவாலியோட செம்பட்டை இறகும் இருந்துச்சு. மண்ணை ஒரு முழம் தோண்டினோமேன்னு நினைச்சு அந்தப் பரண்லயே உக்காந்து சிரிச்சேன். அப்புறம் அழுதேன்.

நுழைஞ்சும் பார்த்தேன், பொய் சொல்லலை. தோள் வரைக்கும் போனேன். கூண்டு இருட்டா இருந்துச்சு, கோழியெல்லாம் ஒரு சத்தம் போட்டு அடங்குச்சு. அந்தப் பக்கம் எரு வாசல், அதுக்கு அந்தப் பக்கம் சந்து, சந்து முடிஞ்சா ரோடு. எல்லாம் அவ்வளவு பக்கத்துல இருந்திருக்கு.

திரும்பிட்டேன். ஏன்னு கேளு. எரு வாசல்ல தவழ்ந்து போயி, தலையில வைக்கோலைத் தட்டிக்கிட்டு நான் யாருக்கு ரத்தம் எடுப்பேன்? ஒரு நாள் மாட்டிக்கிட்டா "இவளும் ஓடிட்டா"ன்னு ஆயிடும். நான் ஓடறவ இல்லை. எனக்கு வேலைக்குப் போகணும். வேலைக்குப் போறவ கேட் வழியாப் போகணும், கேட் வழியா வரணும். என் சர்டிஃபிகேட் எல்லாம் "பத்திரமா இருக்கட்டும்"னு அவர் இரும்புப் பெட்டியில இருக்கு, அதையும் கேட்டு வாங்கித்தான் எடுத்துட்டுப் போவேன். கோழி சாகட்டும்னு நீ எழுதிட்டே. காலையில அதுங்களைத் தூக்கிக் குழியில போடுறது நான்.

இன்னொண்ணு. அத்தை ஒரு தடவை முட்டை துடைச்சிட்டு இருக்கும்போது சொன்னாங்க. "நான் திறக்கலைன்னு சொல்ல வாய் வரலைம்மா. திறந்திருக்க வேண்டியவதானே நான்." எதைன்னு கேட்டேன், சிரிச்சுட்டு அடுத்த முட்டையை எடுத்துட்டாங்க. உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்குப் புரிஞ்சது. அவங்க வாயைத் திறக்கலை, நீயும் நானும் அதே மாதிரி இருந்துட்டா எப்படி? நான் மாமாகிட்ட சொல்லப் போறேன்.

அண்ணி


ஜூன் 21

அண்ணி,

இது வந்து சேர்றதுக்குள்ள சொல்லியிருப்பீங்க. அதனால திட்டி என்ன பிரயோஜனம்?

அவர் ஓட்டையை அடைப்பார். கேட்டைத் திறக்க மாட்டார். வேற ஒரு காரணம் கண்டுபிடிப்பார். கோழி இல்லைன்னா மழை, மழை இல்லைன்னா காலம் கெட்டுப் போச்சு. அந்த வீட்ல நான் பிறந்து வளர்ந்தவ, நீங்க நேத்து வந்தவங்க.

அம்மா சொன்னதை எழுதினீங்களே, அதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். ரொட்டி ஒரு தட்டு கருகிடுச்சு.

நாத்தனார்


ஜூன் 25

நாத்தனாரே,

சொல்லிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் "மாமா, வழி தெரிஞ்சிடுச்சு"ன்னேன். ஏணி பிடிக்கச் சொன்னார். பரண்ல ஏறினார், நான் கீழ நிக்கிறேன், விழுந்துடுவாரோன்னு பதறுது. ரொம்ப நேரம் தடவிட்டே இருந்தார். பலகையைத் தள்ளுறது கேட்டுச்சு, அது திரும்பி வந்து மூடுறதும் கேட்டுச்சு. தள்ளினார், மூடிச்சு. தள்ளினார், மூடிச்சு. மேல இருந்தே கேட்டார், "இதுல மனுஷி நுழைய முடியுமா?"

என்ன சொல்றது? "ஒல்லியா இருந்தா முடியும் மாமா"ன்னேன்.

இறங்கி வந்து கடைசிப் படியிலயே உக்காந்துட்டார். "அப்போ இவ திறக்கலையா?"ன்னார். இவன்னது அத்தையை. அத்தை பக்கத்து அறையில இருக்கிற மாதிரி சொன்னார். திறக்கலைன்னேன். "அவ ஏன் சொல்லலை?"ன்னார். நீங்க கேக்கலையேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். உன்னைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. எழுந்து போய்ச் சுத்தியலை எடுத்துட்டு வந்தார். கம்பி வலையை ரெண்டு மடிப்பா மடிச்சு, நான் பிடிக்க அவர் அடிச்சார். பாதி அடி அவர் விரல் மேல.

அன்னியில இருந்து ஒரு கோழி சாகலை. மரநாய் ஓட்டு மேல ஓடி ஓடிப் பார்த்துட்டு வேற வீடு பார்த்துப் போயிடுச்சு.

நீ தோத்துட்டேடி. மறுநாள் சாயங்காலம் சாவிக்கொத்தை என் கையில குடுத்தார். பெட்டிச் சாவியும் அதுல இருக்கு. "நான் இனிமே பூட்ட மாட்டேன். தப்பு பண்ணாதவளைப் பூட்டி வச்சிருந்திருக்கேன். இனி நீ பார்த்துக்கோ"ன்னார். குதிக்கணும் போல இருந்துச்சு. சர்டிஃபிகேட்டை எடுத்து வச்சேன், புடவைக்கு இஸ்திரி போட்டேன்.

அப்புறம்தான் உறைக்குது. கோழி ஆறு மணி வாக்குல, பொழுது மசங்கினாத்தான் கூண்டுக்குள்ள அடையும். மசங்கினா அவருக்குக் கண்ணு சுத்தமா தெரியாது. உள்ள போய் ஒவ்வொண்ணா தொட்டு எண்ணிடுவார், அது பழக்கம். எண்ணிட்டு வெளிய வந்து தாழ்ப்பாளைத் தேடுறதுதான் முடியலை. இத்தனை நாள் தாழையும் பூட்டையும் அவர் கையில எடுத்துக் குடுத்தது நான்தான். நேத்து விட்டுப் பார்த்தேன். கூண்டுத் தாழ்னு நினைச்சுக் கம்பியைப் பிடிச்சு இழுத்துட்டே நின்னார். நான் பார்க்கிறேன்னு அவருக்குத் தெரியலை. கூண்டும் கேட்டும் திறந்து கிடந்தா மரநாய் எதுக்கு, தெருநாய் போதும். நான் அஞ்சரைக்குக் கிளம்பினாத்தான் ஆறுக்குக் கிளினிக். ஆக, சாவி என் இடுப்புல இருக்கு, நான் கேட்டுக்கு உள்ள இருக்கேன். அவர் பூட்டி வச்சப்ப திட்டறதுக்காவது ஒரு ஆள் இருந்துச்சு. இப்ப யாரைத் திட்டுவேன் சொல்லு?

நீ மதியத்தோட வேலை முடிக்கிறவ. ஒரே பஸ். ஆறு மணிக்கு வந்து கூண்டுத் தாழைப் போட்டு, கேட் பூட்டை அமுக்கிட்டுப் போ. அமுக்கினாப் பூட்டிக்கும், சாவிகூட வேண்டாம். உள்ள வர வேண்டாம், உக்கார வேண்டாம், அவர்கிட்ட பேசவும் வேண்டாம். நான் பத்தரைக்கு வந்து என் சாவியில திறந்துக்குவேன்.

ஒண்ணாம் தேதிக்கு எத்தனை நாள் இருக்குன்னு நீயே பார்த்துக்கோ.

அண்ணி


ஜூன் 28

அண்ணி,

என்னால முடியாது.

சாவியைக் குடுத்தார்னதும் எல்லாம் சரியாப் போச்சா? எங்க அம்மா கரண்டியோட நின்னாங்கன்னு நீங்கதான் எழுதினீங்க. அத்தனை வருஷம் ஒரு பொம்பளை கூப்பிட ஆள் இல்லாம ஒரு வீட்டுக்குள்ள இருந்திருக்கா. அவர் ஏணிப்படியில உக்காந்துட்டா கணக்கு தீர்ந்துடுமா? அதுக்கு நான் வந்து அவர் கோழிக்குத் தாழ் போடணும்!

கோவம் மட்டும்னு நினைக்காதீங்க. போன வருஷம் அம்மா போனது தெரிஞ்ச அன்னிக்கு பஸ் ஏறி நம்ம தெரு முனை வரைக்கும் வந்தேன். கேட் தெரிஞ்சுது. கால் நகரலை. அந்தக் கேட்டுக்குள்ள ஒரு கால் வச்சா பின்னாடி சாத்திக்கும்னு ஒரு பயம். சிரிக்காதீங்க. இங்க எனக்கு ஒரு அறை இருக்கு, அதுக்குக் கதவு இருக்கு, நான் அதைத் தாழ் போட்டுத் தூங்கினதே இல்லை.

உங்களுக்காக வருத்தப்படுறேன். அது உங்களுக்கு எதுக்கும் உதவாதுன்னும் தெரியும். வேற யாரையாவது பாருங்க. கோழியை வித்துடுங்க.

நாத்தனார்


ஜூலை 2

நாத்தனாரே,

கோழியை விக்கலாமான்னு கேட்டேன். "சரி, வித்துடு"ன்னு உடனே சொல்லிட்டார், சண்டைகூட போடலை. சொல்லிட்டுப் போய்க் கூண்டுக்குள்ள உக்காந்துட்டார். அதுக்கு மேல எனக்கு மனசு வரலை. நேத்து ஒண்ணாம் தேதி. ஆனது ஆகட்டும்னு சாவியை எடுத்துட்டு அஞ்சரைக்குக் கிளம்பிட்டேன். கேட்டை வெறுமனே சாத்தி, பூட்டைத் திறந்தபடி தொங்க விட்டேன். "மாமா, கோழி அடைஞ்சதும் எண்ணிட்டுத் தாழைத் தேடிப் போடுங்க, கேட் கிடக்கட்டும்"னேன். தலையாட்டினார்.

கேட் வழியாத்தான் போனேன். நடக்கும்போது கை ரெண்டையும் எங்க வைக்கிறதுன்னு தெரியலை. முதல்ல வந்தது ஒரு குட்டிப் பொண்ணு, ஊசியைப் பார்த்ததும் என்னைக் கடிச்சு வச்சுட்டா. ரொம்பச் சந்தோஷமா இருந்துச்சு. நடுவுல நடுவுல கூண்டு ஞாபகம் வந்து கடிகாரத்தைப் பார்த்துட்டே இருந்தேன், அதையும் சொல்லிடறேன்.

பத்தரைக்கு வந்தா கேட் பூட்டியிருக்கு. பரவாயில்லையே, மாமா சமாளிச்சுட்டாரேன்னு திறந்து உள்ள போனேன். வீட்ல ஆள் இல்லை. கட்டில்ல இல்லை, குளியலறையில இல்லை. ஐயோன்னு ஒரு குரல் வச்சேன். "கத்தாதே, கோழி முழிச்சுக்கும்"னு கூண்டுக்குள்ள இருந்து சத்தம் வருது. ஓடினேன். கூண்டுத் தாழ் வெளிய இருந்து போட்டிருக்கு. உள்ள மாமா, வைக்கோல்ல காலை நீட்டி உக்காந்திருக்கார், மடியில ஒரு கோழி.

திறந்து விட்டுட்டு என்ன ஆச்சுன்னு கேட்டேன். எண்ணிட்டு இருந்தாராம். கேட் சத்தம் கேட்டுச்சாம், செருப்புச் சத்தம் கிட்ட வந்து நின்னுச்சாம். நான்தான் ஏதோ மறந்துட்டுத் திரும்பி வந்துட்டேன்னு நினைச்சு, "எண்ணியாச்சு, சாத்திடு"ன்னாராம். கொஞ்ச நேரம் ஒண்ணும் நடக்கலையாம். அப்புறம் தாழ் விழுந்துச்சாம், கேட் பூட்டு அமுங்குச்சாம்.

"உள்ள இருக்கேன்னு கத்த வேண்டியதுதானே மாமா? நாலு மணி நேரமா இப்படியா உக்காந்திருப்பீங்க?"ன்னு சத்தம் போட்டேன். வைக்கோலைத் தட்டி விட்டுக்கிட்டே சொன்னார். "அவ மேல வெண்ணெய் வாசனை அடிச்சுது. கூப்பிட்டா ஓடிடுவா."

தெரிஞ்சு போட்டியா, இருட்டுல தெரியாமப் போட்டியான்னு நான் கேக்க மாட்டேன். அவரும் கேக்கலை.

இன்னிக்கும் எனக்கு ஆறு மணிக்கு வேலை. முட்டைக்காரம்மா வாசல்ல நிக்கிறாங்க, அவசரமா எழுதறேன். மாமா இப்பத்தான் கூண்டுக்குள்ள ஒரு முக்காலியைக் கொண்டு போய்ப் போட்டுட்டு வந்தார்.

அண்ணி